ரூபாயில் கட்டறீங்களா சார்?

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஏதோ ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை. பில் போட்டாகிவிட்டது. கார்டை நீட்டுகிறீர்கள். கல்லாவில் இருப்பவர் மெஷினை உங்கள் பக்கம் திருப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ‘சிங்கப்பூர் டாலரா, இந்தியன் ருப்பீஸா?’ என்கிறார். கடல் தாண்டி வந்த இடத்தில் நம்ம ஊர் ரூபாய்க்கு இத்தனை மரியாதையா என்று உங்களுக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். ‘ருப்பீஸ்’ என்று சொல்லிப் பொத்தானை அழுத்திவிடுவீர்கள்.

போச்சு!

அந்த ஓர் அழுத்தலுக்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். பெயர் கம்பீரமாகத்தான் இருக்கிறது. காரியம் என்னவென்றால், டாலரை ரூபாயாக மாற்றும் வேலையை உங்கள் வங்கியின் பக்கத்திலிருந்து பிடுங்கி, கடைக்காரர் தரப்பே செய்துகொள்கிறது. ரேட் அவர்கள் வைத்ததுதான். மார்க்கெட் ரேட்டுக்கு மேல் ஏற்றும் தொகையைக் கடை, கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி, நடுவில் இருக்கும் கன்வெர்ஷன் கம்பெனி ஆகியவை பங்கு போட்டுக்கொள்ளும். கல்லாக்காரரின் சிரிப்புக்குக் காரணம் பாரத நாட்டின் மேல் உள்ள பாசம் அல்ல.

சரி, ரூபாயிலேயே கட்டிவிட்டோமே, நம்ம பேங்க்காவது விட்டுவிடுமா? அதுவும் இல்லை. ‘ரூபாயில் கட்டினால் என்ன, கடை வெளிநாட்டுக் கடைதானே’ என்று பல வங்கிகள் 1 சதவிகிதம் தனியாகப் போடுகின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. மாம்பலத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, வெளிநாட்டில் பதிவான கம்பெனியின் வெப்சைட்டில் ஹோட்டல் ரூம் போட்டாலும் இந்த 1 சதவிகிதம் விழும். பாஸ்போர்ட்டை பீரோவிலிருந்து வெளியே எடுத்திருக்கவே மாட்டீர்கள்!

ஆகவே அந்த ஊர்க் காசிலேயே கட்டுங்கள். சிங்கப்பூரில் டாலர், பாங்காக்கில் பாட், பாரிஸில் யூரோ. எந்தக் காசில் கட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும்கூட. ஹோட்டல் கவுன்ட்டரில் உங்களைக் கேட்காமலேயே ரூபாய் போட்டுவிட்டார்களா? கையெழுத்தோ பின் நம்பரோ போடுவதற்கு முன்னால், ‘கேன்சல் பண்ணிட்டு மறுபடி போடுங்க’ என்று சொல்லுங்கள். பின்னால் க்யூ நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

ஏ.டி.எம்.மில் இந்த விளையாட்டு இன்னும் அழகாக நடக்கும். ‘இந்த ரேட்டில் மாற்றித் தரட்டுமா?’ என்று திரை கேட்கும். கீழே ‘அக்செப்ட்’, ‘டிக்ளைன்’ என்று இரண்டு பொத்தான்கள். ‘டிக்ளைன்’ அழுத்தினால் பணம் வராமல் போய்விடுமோ, கார்டை விழுங்கிவிடுமோ என்று நமக்குப் பதறும். அந்தப் பதற்றத்தை நம்பித்தான் அந்த வார்த்தையையே போட்டிருக்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்வது அவர்கள் ரேட்டைத்தான், பணம் வரும். ஏ.டி.எம். வைத்திருக்கும் வங்கியின் கட்டணம் வேறு விஷயம். தாய்லாந்தில் ஒருமுறை எடுக்க 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள். நூறு நூறாக எடுக்காமல் மொத்தமாக எடுப்பது உத்தமம். கிரெடிட் கார்டைப் போட்டு மட்டும் பணம் எடுக்காதீர்கள். எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இதுவரை சொன்னது வெளியூர்க்காரன் வேலை. இனி நம் வீட்டு ஆள் கதைக்கு வருவோம்.

நீங்கள் விவரமாக டாலரிலேயே கட்டிவிட்டீர்கள். டாலரை ரூபாயாக மாற்றுவது யார்? பெரும்பாலும் விசாவோ மாஸ்டர்கார்டோ, தங்களுடைய அன்றைய ரேட்டில். அது நியாயமான ரேட்தான். அவர்கள் வெப்சைட்டிலேயே போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தக் கணக்கு வங்கிக்கு வந்து சேர்ந்ததும், வங்கி அதன் தலையில் ‘ஃபாரின் கரன்சி மார்க்கப்’ என்று ஒன்றை ஏற்றுகிறது. நம் நாட்டில் பெரும்பாலான சாதாரண கார்டுகளுக்கு இது 3.5 சதவிகிதம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13. லட்ச ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய்.

எதற்காக? மாற்றிக் கொடுத்தது இன்னொருவர். கேட்டால், ‘ரிஸ்க் இருக்கு சார், நெட்வொர்க்குக்கு நாங்களும் கட்டணும் சார்’ என்பார்கள். கட்டுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு? அமெரிக்காவில் இதே விஷயத்துக்காக விசா, மாஸ்டர்கார்டு, பெரிய வங்கிகள் எல்லாவற்றின் மேலும் வழக்குப் போட்டார்கள். கட்டணத்தை மாற்று விகிதத்துக்குள் ஒளித்துவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2006-ல் 33 கோடியே 60 லட்சம் டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தார்கள். அந்த வழக்கில் அடிபட்ட நெட்வொர்க் கட்டணம் 1 சதவிகிதம். மிச்சம் வங்கிகள் தாங்களாகவே வைத்துக்கொண்டது. இன்றைக்கு அங்கே மார்க்கப்பே இல்லாத கார்டுகள் ஏராளம். நம் ஊரிலும் சில வங்கிகள் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. அவர்கள் ஒன்றும் தர்ம சத்திரம் நடத்தவில்லையே! சைபருக்குக் கொடுத்தும் ஒரு வங்கி பிழைக்க முடியும் என்றால், இன்னொரு வங்கி வாங்கும் 3.5-க்குப் பெயர் செலவு அல்ல; கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

ஏர்போர்ட் லவுஞ்சில் இலவச இட்லி கொடுப்பார்கள், சாப்பிட்டிருப்பீர்கள். உலகத்திலேயே விலை அதிகமான இட்லி அதுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை டூர் போகிறவர்கள் நாலாயிரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எனக்குக் கோபம் அவர்களுக்காக அல்ல. பிள்ளையை டப்ளினுக்கோ மெல்பர்னுக்கோ படிக்க அனுப்பியிருக்கிற அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். எஜுகேஷன் லோன் வாங்கி, வட்டி ஒருபக்கம் ஏறிக்கொண்டிருக்க, ‘கையில எப்பவும் இருக்கட்டும்டா’ என்று தன் கார்டுக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு போட்டுக் கொடுத்து அனுப்புகிறார். பையன் அரிசி வாங்குகிறான், பஸ் பாஸ் எடுக்கிறான். மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கப்பும் வரியுமாக 2,478. வருஷத்துக்கு 29,736. இரண்டு வருஷப் படிப்பு முடிவதற்குள் ஏறக்குறைய அறுபதாயிரம். கடன் வாங்கிய காசில் கமிஷன்! இதை யாராவது அந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா?

போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் பாருங்கள். இத்தனை யூரோ செலவானது என்று இருக்கும். மார்க்கப் பற்றி மூச்சு இருக்காது. செட்டில்மென்ட் ஆகும் வரை கடைசி ரேட் தெரியாது என்று வங்கி சாக்குச் சொல்லும். ரேட் தெரியாது சரி, உங்கள் 3.5 உங்களுக்குத் தெரியாதா? 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் நம் யு.பி.ஐ. போய்ச் சேர்ந்தது. கொழும்பில் கடையில் ஸ்கேன் செய்தால், பின் நம்பர் போடுவதற்கு முன்பே ரூபாயில் எவ்வளவு என்று திரையில் வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் 2019-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டைவிட எத்தனை சதவிகிதம் அதிகம் வாங்குகிறோம் என்று ஏ.டி.எம்.மும் கடையும் சொல்லியாக வேண்டும். யூனியனுக்குள் வேறு நாட்டுக் காசில் செலவு செய்தால், கார்டு கொடுத்த வங்கியும் அதை மெசேஜில் அனுப்பவேண்டும். ரிசர்வ் வங்கி நினைத்தால் இங்கே ஒரே ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

அதுவரை நம் வேலையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐ.டி. ரிட்டர்ன், சம்பளச் சீட்டு எதுவும் இல்லாத ரிட்டயர்டு ஆசாமிகளுக்கு, ஃபிக்ஸட் டெபாசிட்டின் மேல் கொடுக்கும் கார்டிலேயே இந்த வசதி கிடைக்கிறது. ஃபாரெக்ஸ் கார்டு என்று ஏஜென்ட் நீட்டினால் உடனே வாங்கிவிடாதீர்கள். டாலரை ஏற்றிய கார்டை பாங்காக்கில் தேய்த்தால் ‘கிராஸ் கரன்சி’ என்று அங்கேயும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஒரு வெட்டு உண்டு. மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரேட்டில் இன்னொரு வெட்டு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வங்கிக்குப் போன் போடுங்கள். வெளிநாட்டு உபயோகத்தை ஆன் பண்ணச் சொல்லத்தான் போட்டேன் என்று ஆரம்பித்து, ‘மார்க்கப் எவ்வளவும்மா?’ என்று கேளுங்கள். ‘இட் டிபெண்ட்ஸ் சார்’ என்று அந்தப் பெண் பாவம் மனப்பாடமாகச் சொல்லும். அதன் மேல் கோபப்படாதீர்கள். எதன் மேல் டிபெண்ட்ஸ் என்பதை மட்டும் இமெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.