மரணம் பேசும் அனிமே

ஆடி அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் குடும்பங்களோடு குழந்தைகளும் நிற்கிறார்கள். காவிரிக் கரையில் நாம் சாவை அவர்களிடம் மறைப்பதில்லை. அப்படியிருக்க, சாவைப் பேசும் ஜப்பானிய அசைவூட்டப் படைப்புகளான அனிமேவைப் பிள்ளைகளிடமிருந்து அடியோடு விலக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. இசாவோ தகஹாதா 1988இல் இயக்கிய ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ போரில் தாயை இழந்த அண்ணன் தங்கையின் பசியைக் காட்டுகிறது. அதைப் பார்த்து அழும் மனம் பிறர் துயரை உணரப் பழகுகிறது. 2006இல் தொடங்கிய ‘டெத் நோட்’ தொடரோ, குற்றவாளிகளைக் கொல்லும் அதிகாரம் கைக்கு வந்த மாணவன் எப்படிக் கொடியவனாகிறான் என்று காட்டி, நீதியைப் பற்றி யோசிக்க வைக்கிறது.

இளம் மனம் கலங்கிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. வயதுக்கு மீறியதைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். ஆனால் ஒளிந்து பார்க்கும் பிள்ளை தன் பயத்தோடு தனியே தவிக்கும். படித்துறையில் கைபிடித்து நிற்கும் பெரியவர்கள் திரைமுன்னும் பக்கத்தில் அமர்ந்து பேச வேண்டும்.