புதிய கீபோர்ட் வாங்க முன்னர், இருப்பதைப் படிப்போம்



பரிசளிப்பு விழாவுக்கு முன்னர் பாடசாலைக்குப் புதிய கீபோர்ட் வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. பழையதில் ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் வரும் என்பது காரணம். அப்படிச் சொன்னவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான். அது பிழை. அதையும் நாமே சொல்லிவிட வேண்டும்.

கடந்த வாரம் அலுமாரியில் கிடந்த கையேட்டை முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தோம். லேயர், ஸ்ப்ளிட் இரண்டும் அந்தக் கீபோர்டிலேயே இருக்கின்றன. இத்தனை வருடமும் அந்தப் பொத்தான்களை நாம் தொட்டதே இல்லை.

லேயர் என்றால் ஒரு கட்டையை அழுத்தும்போது இரண்டு சத்தங்கள் சேர்ந்து வருவது. உதாரணமாக, பியானோவும் வயலின் கூட்டமும். ஸ்ப்ளிட் என்றால் 61 கட்டைகளையும் ஓரிடத்தில் பிரிப்பது. இடக்கைக்கு பேஸ், வலக்கைக்கு பியானோ. இது புதுமையும் அல்ல. எம் மூத்தவர்கள் சேர்பினா என்று சொன்ன ஆர்மோனியத்தில் இரண்டு வரிசை ரீட் ஒன்றாக ஒலிப்பதும் லேயர் போன்றதுதான். 1981இல் வந்த ரோலண்ட் ஜூபிட்டர்-8 இல் இந்த இரண்டு வசதியும் இருந்தன. அன்று அது பெரிய கலைஞர்களின் கைக்கு மட்டுமே எட்டியது. இன்று மாணவர்கள் வாங்கும் பல சாதாரண கீபோர்ட்களிலும் இருக்கிறது.

ஆனால் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. முதல் நாள் இரண்டு சத்தங்களையும் ஒரே அளவில் வைத்தோம். பிள்ளைகள் பாடிய சொற்கள் ஒன்றுமே கேட்கவில்லை. வயலின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் பாட்டுத் தெளிந்தது. எமது கீபோர்டில் ஒரே நேரத்தில் 32 சுரங்கள்தான் ஒலிக்கும். லேயர் போட்டால் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு செலவாகிறது, மிஞ்சுவது 16. பெடலை மிதித்தபடியே வாசித்தால் முன்னைய சுரங்கள் இடையில் அறுந்துபோகும். ஸ்ப்ளிட்டிலும் ஒரு கணக்கு உண்டு. பாட்டின் ஆகக் கீழான சுரம் எது என்று பார்த்து, அதற்குக் கீழேதான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மெட்டின் நடுவே பேஸ் சத்தம் உறுமும்.

சிங்களப் பாடலுக்கு ஒன்று, தமிழ்ப் பாடலுக்கு ஒன்று என இரண்டு அமைப்புகளை மெமரியில் சேமித்தோம். இப்போது தரம் 8 மாணவி ஒருவர் ஒரே பொத்தானில் மாற்றி வாசிக்கிறார். முன்னர் ஸ்டைல் பொத்தானை அழுத்தியதும் மெஷினே தாளமும் பின்னணியும் போட்டது, பிள்ளைக்கு அதிக வேலை இருக்கவில்லை. இப்போது அவருடைய இரண்டு கைகளும் இரண்டு வேலை செய்கின்றன. சங்கீதப் பாடம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

இசை பற்றி எமது சமூகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. அந்த விவாதத்தை இங்கே தொடங்கவில்லை. ஆனால் வீண்விரயம் கூடாது என்பதில் எமக்குள் இரண்டு கருத்து இல்லை. 2022க்குப் பிறகு கொப்பி வாங்கவே கணக்குப் பார்க்கும் வீடுகள் அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் எத்தனை என்பது வகுப்பறையில் நிற்கும் எமக்குத் தெரியும். அந்த வீடுகளிடமும் கை நீட்டி, இருப்பதையே இன்னொரு தடவை வாங்குவதா?

புதியது ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டைகள் செத்துப்போனால், திருத்த முடியாவிட்டால் வாங்கத்தான் வேண்டும். இப்போதைக்கு வேண்டியது ஒரு நல்ல பெடல், ஒரு அடப்டர், ஆடாத ஸ்டாண்ட் ஒன்று. இவற்றுக்கு வீடு வீடாகப் பணம் சேர்க்கத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும் பெற்றோர் பத்து நிமிடம் முந்தி வாருங்கள். அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டுவார், இன்ஷா அல்லாஹ். கேட்ட பிறகு முடிவெடுப்போம்.