தேதி இல்லாத மேப் எதுக்குங்க?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு மேப் ஆப் பண்ணப் போறீங்களா? உடனே ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இறக்க ஓடாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில நம்ம அண்ணாமலை அடிவாரம் வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அந்தச் சரிவோட சாட்டிலைட் படம் ஒண்ணு உங்க ஆப்ல இருக்குன்னு வைங்க. சரிவுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா? யார் எடுத்தது? ஒரு பிக்சல் எத்தனை மீட்டர்? இதைச் சொல்லாத படம் வெறும் வால்பேப்பர். சொல்ற விவரத்துக்குப் பேர்தான் மெட்டாடேட்டா. அதற்கான தரம் ஐ.எஸ்.ஓ. 19115. முழுசா படிச்சா தூக்கம் வரும். தலைப்பு, தேதி, எல்லை, ஆயத்தொலை முறை, பொறுப்பாளர், உரிமம் இந்த ஆறும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

"ரிவ்யூல இதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க?"ன்னு கேப்பீங்க. பார்க்க மாட்டாங்கதான். கலர் கலரா மார்க்கர் குத்தின டெமோவுக்குத்தான் கைதட்டல். இருந்தாலும் என் கட்சி இதுதான்: முதல்ல கேட்டலாக், அப்புறம் ஆப்.

பைசிஎஸ்டபிள்யூ பைத்தான்ல எழுதினது, இலவசம், எஸ்க்யூலைட்டை வெச்சு லேப்டாப்லயே ஓடும். பத்து ரெக்கார்டு ஏத்தி, தேடினா வருதான்னு பாருங்க. வந்ததும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குப் போங்க.

8 ஜிபி ராம்ல எமுலேட்டர் மூச்சு வாங்கும். உங்க போன்லயே யுஎஸ்பி டிபக்கிங் ஆன் பண்ணிக்கோங்க. ஆப்ல லோக்கல்ஹோஸ்ட்னு கொடுத்தா போன் தன்னையேதான் தேடும். ஏடிபி ரிவர்ஸ் கமாண்டு போட்டா லேப்டாப்புக்கு வரும். எமுலேட்டர்தான்னா 10.0.2.2. இன்னொரு கூத்து, எமுலேட்டர் தன்னை கலிஃபோர்னியாவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கிரிவலப் பாதையை ஜிபிஎக்ஸ் ஃபைலா ஏத்தினா 14 கிலோமீட்டரையும் உட்கார்ந்த இடத்துலயே சுத்தலாம். புண்ணியம் வருமான்னு என்னைக் கேக்காதீங்க.

ஆனா ஒரு பௌர்ணமிக்கு நிஜமாவே நடந்து டெஸ்ட் பண்ணுங்க. அந்தக் கூட்டத்துல நெட்வொர்க் திணறும். சர்வரை மட்டும் நம்பின ஆப் வெள்ளைத் திரைதான் காட்டும். அதனால ரெக்கார்டுகளை போன்லயே ஜியோபேக்கேஜா வைங்க. அதுவும் எஸ்க்யூலைட் ஃபைல்தான், மெட்டாடேட்டாவுக்குன்னே டேபிள் சேர்க்கலாம். தேதி காலியா இருந்தா சேவ் பட்டனே அமுங்கக் கூடாது. அந்த செக்கை முதல் நாளே எழுதிடுங்க.