பிலிமா, டிஜிட்டலா? வீட்டுப் படங்களைக் காப்பது எப்படி?

மாமல்லபுரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அர்ச்சுனன் தபசு முன்னாலும், ஐந்து ரதங்கள் முன்னாலும் படம் பிடிக்கும் கூட்டம் நிற்கும். அணுபுரத்தில் இருந்து பிள்ளைகளோடு வரும் ஒரு குடும்பம், பொழுது சாய்வதற்குள் செல்போனில் 200 படம் எடுத்துவிடலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

40 ஆண்டுகளுக்கு முன் இது நடக்குமா? ஒரு பிலிம் சுருளில் 36 படம்தான். அதை ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவ வேண்டும். படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரியச் சில நாள் காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் இப்போது இளைஞர்கள் சிலருக்குப் பிலிம் மீது மறுபடியும் ஆசை பிறந்திருக்கிறது. தாத்தாவின் காமிராவைப் பரணில் இருந்து இறக்கித் துடைக்கிறார்கள். இரண்டில் எது நல்லது?

வேறுபாடு என்ன?

பிலிமில் வெள்ளி உப்பு பூசியிருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது மாறுகிறது. மருந்து நீரில் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும்.

டிஜிட்டல் காமிராவில் பிலிமுக்குப் பதில் ஒரு சில்லு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் பட்ட வெளிச்சத்தை எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்களின் வரிசைதான் படம்.

ஊட்டி கண்ட பாடம்

நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்தார்கள். மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி 1960-ல் அமைந்தது. 1967-ல் ஊட்டி ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், எக்ஸ்ரே பிலிமும் வந்தன. மக்கள் வண்ணப் படத்துக்குத் தாவினார்கள். ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்னால் டிஜிட்டலும் வந்தது. ஆலை நலிந்து மூடப்பட்டது. அதை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெரிய கம்பெனியும் தப்பவில்லை. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் 1975-லேயே டிஜிட்டல் காமிரா செய்துவிட்டார். எடை சுமார் 3½ கிலோ. ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 விநாடி ஆயிற்று! ஆனால் கம்பெனிக்குப் பிலிமில்தான் லாபம். அதை விட மனம் வரவில்லை. 2012-ல் கோடாக் திவால் மனு கொடுத்தது.

எது நிலைக்கும்?

படம் எடுப்பதில் டிஜிட்டல் வென்றுவிட்டது. படத்தைக் காப்பது வேறு விஷயம்.

செல்போன் தண்ணீரில் விழுந்தால் போதும். பிள்ளையின் முதல் பிறந்த நாள், பாட்டியின் கடைசிப் படம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். நெகட்டிவுக்கும் ஆபத்து உண்டு. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அது பூஞ்சணம் பிடிக்கும். லென்சிலும் பிடிக்கும்.

சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ன செய்தது தெரியுமா? பழைய தமிழ் நூல்களை மைக்ரோபிலிமில் படம் எடுத்துக் காத்தது. பிறகு டிஜிட்டல் பிரதிகளும் எடுத்தது. நல்ல பிலிமை உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் நூற்றாண்டுகள் நிற்கும். டிஜிட்டல் பிரதியை நினைத்தபோது பார்க்கலாம். ஊருக்கு ஊர் அனுப்பலாம். ஒன்றுக்கு ஒன்று துணை!

நீங்கள் செய்ய வேண்டியது

அன்றாடப் படத்துக்கு டிஜிட்டலே போதும். பிலிம் சுருள் ஒன்றுக்கே பல நூறு ரூபாய் ஆகிறது. கழுவும் கூலி தனி. கழுவும் இடங்களும் குறைந்துவிட்டன. நிதானமாகப் படம் எடுக்கப் பழக விரும்புகிறவர்கள் பிலிமை நாடலாம். வெறும் மோகத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

செல்போன் படங்களை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 20 நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் அச்சிடுங்கள். பின்புறம் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த ஒரு வரிதான் மிஞ்சும்.