மரம் நட்டா மட்டும் போதுமா? முதல்ல தண்ணிக்கு வழி விடுங்க

நெய்வேலி பக்கம் காரில் போறவங்க, சுரங்கத்து மண்மேட்டுல மரம் வளர்ந்து பச்சையா நிக்கறதைப் பார்த்துட்டு, "அட, நிலத்தை மீட்டுட்டாங்களே" என்று சந்தோஷப்படறாங்க. நகரத்து நண்பர்கள் நிறையப் பேர் அந்த மாதிரிப் படத்தையே பகிர்றீங்க. மரத்தை நான் குறை சொல்லலை. ஆனா சுரங்க நிலத்தை மீட்டாச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க மரத்தைப் பார்த்தா பத்தாது. மழைக்காலத்துல அந்த மேட்டோட அடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி வர்ற தண்ணியோட நிறத்தைப் பார்க்கணும்.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, நெய்வேலியில 1 டன் பழுப்பு நிலக்கரி எடுக்கணும்னா சராசரியா 5 கன மீட்டருக்கு மேல மண்ணை அள்ளிக் கொட்டணும். இப்படிக் கொட்டின மண்ணு இயற்கையான குன்று மாதிரி கிடையாது. குன்றுல மேல்மண், அதுக்குக் கீழ செம்மண், களி, பாறைன்னு ஒரு வரிசை இருக்கும். வேரும் புழுவும் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கும். கொட்டின மேட்டுல எல்லாம் தலைகீழ். அடியில கிடந்த மணலும் களியும் மேல வந்துடும். பிடிமானமே இல்லாத மண்ணு.

அது மேல மழை பெய்யுது. நம்ம கணக்குல பார்ப்போம். 1 ஏக்கர்ல 1 செ.மீ. மழை பெய்ஞ்சா சுமார் 40,000 லிட்டர் தண்ணி. 2015 நவம்பர்ல நெய்வேலியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டிச்சு. அப்ப ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டர். சென்னையில ஓடுற 12,000 லிட்டர் தண்ணி லாரியில 130 லாரிக்கு மேல, ஒவ்வொரு ஏக்கருக்கும்! சரிவுல இறங்கற தண்ணியோட வேகம் இரண்டு மடங்கானா, அது உருட்டிட்டுப் போகக்கூடிய கல்லோட எடை 64 மடங்காகும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. 1 மி.மீ. மண்ணு கரைஞ்சாலே ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். 500 ஏக்கர் மேடுன்னா 700 யூனிட். கண்ணுக்கே தெரியாத 1 மி.மீ.க்கு இந்தக் கணக்கு.

"வண்டல் வந்தா வயலுக்கு நல்லதுதானே?" என்று கேட்பீங்க. ஏரி வண்டல் நல்லதுதான், மாட்டு வண்டி கட்டி அள்ளிட்டு வந்து போட்ட ஊருதான் எங்க ஊரு. ஆனா அது இலை தழை மக்கி, வருஷக்கணக்கா ஏரியில படிஞ்ச மண். சுரங்க மேட்டுல இருந்து வர்றது பூமிக்கு அடியில உயிரில்லாம கிடந்த மண். மணல் முதல்ல இறங்கி வாய்க்காலை அடைக்கும். களி வயல் வரைக்கும் வந்து நாத்து மேல படிஞ்சு, காய்ஞ்சா ஓடு மாதிரி இறுகிடும்.

மீதி ஏரிக்குப் போகும். நெய்வேலி பக்கத்துத் தண்ணி பரவனாறு வழியா இறங்கற பாதையில வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ரெண்டும் இருக்கு. வாலாஜா ஏரி தூர்ந்து, ஏரின்னே சொல்ல முடியாத நிலைக்குப் போய், அப்புறம் தூர்வாரித்தான் மீட்டாங்க. தூர்ந்த ஏரி ரெண்டு வகையில அடிக்கும். மழையில வெள்ளத்தைத் தாங்காது, கோடையில தண்ணி தராது.

சரி, என்னதான் செய்யணும்? பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை, வரிசைதான் முக்கியம். மேல்மண்ணை முதல்லயே தனியா எடுத்து வச்சு, கடைசியில மேல பரப்பணும். மேட்டைப் படிப்படியா வெட்டி, ஒவ்வொரு படியும் உள்பக்கமா லேசா சாய்ஞ்சிருக்கணும். அப்பத்தான் தண்ணி விளிம்பைத் தாண்டிக் குதிக்காம, படியோட வாய்க்கால்ல போகும். அங்கிருந்து கல் பதிச்ச சரிவு வாய்க்கால் வழியா கீழே இறக்கணும். சரிவுல வெட்டிவேரும் புல்லும் நடணும். அடிவாரத்துல கல் சுவர், சுத்தி ஒரு வடிகால், அதுக்கு அப்புறம் வண்டல் தேங்கற குட்டைங்க. மணல் நிமிஷத்துல அடியில இறங்கிடும். நைசான களி ஒரு மீட்டர் இறங்கவே மூணு நாள் ஆகும். அதனால குட்டை ஒண்ணு போதாது, அடுத்தடுத்து வேணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி அதைத் தூர்வாரியும் வைக்கணும். நிரம்பின குட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொரு விஷயம். கொட்டின மண்ணு பல வருஷம் அமுங்கிக்கிட்டே இருக்கும், அதுவும் ஒரே சீரா அமுங்காது. இன்னைக்கு மட்டம் பார்த்துப் போட்ட வாய்க்கால், நாலு வருஷம் கழிச்சு நடுவுல குழி விழுந்து தண்ணி தேங்கி, கரையை உடைச்சிட்டு வேற பக்கம் பாயும். அதனால வடிகால் ஒரு தடவை கட்டிட்டு மறக்கற வேலை கிடையாது. வருஷா வருஷம் மட்டம் பார்க்கணும், நம்ம வரப்பைப் பார்க்கற மாதிரி.

மரம் மண்ணைப் பிடிக்காதான்னு கேட்டா, பிடிக்கும். ஆனா வேர் ஊன்ற மூணு நாலு வருஷம் ஆகுமே! மழை முதல் வருஷமே வந்துடுது.

பணம் இல்லைன்னும் சொல்ல முடியாது. 2009-ல மத்திய நிலக்கரி அமைச்சகம் கொண்டு வந்த வழிகாட்டுதல்படி, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் கணக்குல மூடல் செலவுக்குத் தனிக் கணக்குல போட்டு வைக்கணும்னு அப்ப இருந்துச்சு. பணத்துக்கு விதி இருக்கு. வேலை முடிஞ்சதுன்னு எதை வச்சு முடிவு பண்றோம்ங்கறதுதான் என் கேள்வி. நட்ட கன்னை எண்றது சுலபம். என்னைக் கேட்டா, மூணு மழைக்காலம் அடிவாரத்துல வெளியேறுற தண்ணியை அளந்து, அது தெளிவா வந்தாத்தான் நிலம் மீண்டதுன்னு எழுதணும். அளந்த கணக்கை அந்தந்த ஊராட்சி அலுவலகத்துப் பலகையில ஒட்டணும். ஏரிப் பாசனக்காரங்களும் கூட நின்னு பார்க்கணும்.

உங்க வீட்டு மின்விசிறியில கொஞ்சம் கரண்ட் இந்தக் குழியில இருந்துதான் வருது. அதனால அடுத்த தடவை யாராவது பச்சை மேட்டுப் படம் போட்டா, விருப்பம் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கீழே தண்ணி என்ன நிறத்துல போகுது?"