விருந்தாளிக்கு வரவேற்பு, வியர்வை சிந்துபவனுக்கு என்ன?

கிராமங்களுக்கு இப்போது விளம்பரம் பலமாக நடக்கிறது. "பச்சை வயலைப் பார்க்க வாருங்கள், நல்ல காற்றைச் சுவாசிக்க வாருங்கள், நிலம் வாங்கிக் குடியேறுங்கள், தொழில் தொடங்குங்கள்" என்று சர்க்கார் இலாகாக்களும் தனியார் கம்பெனிகளும் மாறி மாறி அழைக்கின்றன. விளம்பரப் படத்தில் நெல்வயல் இருக்கிறது. மாட்டு வண்டி இருக்கிறது. முதுகு வளைந்து நாற்று நடுகிற பெண்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு அன்றைக்கு என்ன கூலி, அவர்கள் குடிசை யாருடைய மனையில் நிற்கிறது என்பது மட்டும் படத்தின் கீழே எழுதப்படுவதில்லை.

வெளியூரார் கிராமத்துக்கு வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணீராவது கொடுத்து உட்காரச் சொல்வது ஏழை வீட்டுப் பழக்கம். ஆலைத் தொழிலாளியும் வருஷத்துக்கு ஒருமுறை பெண்டு பிள்ளைகளோடு நாலு இடம் போய்ப் பார்த்து வரத்தான் வேண்டும். சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று போராடி வாங்கியது வேறு எதற்கு? ஆகவே விருந்தாளி வரலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. அவன் வரும்போது அங்கே உழைக்கிறவன் எந்த நிலையில் நிற்கிறான் என்பதுதான் கேள்வி. சொந்த மனையும், கட்டுப்படியாகும் கூலியும், கையில் சங்கமும் உள்ளவனாக நிற்கிறானா? அல்லது படத்துக்கு நிற்கும் வெறும் காட்சிப் பொருளா?

இதற்கு விடை தெரிந்துகொள்ளக் கடல் தாண்டிப் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் குட்டநாட்டைப் பார்த்தால் போதும்.

நிலத்தை உண்டாக்கியது யார்?

ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை ஜில்லாக்களில் வேம்பநாட்டுக் காயலை ஒட்டிப் பரந்து கிடப்பது குட்டநாடு. அங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே இருக்கின்றன. உலகில் இது அபூர்வமான விவசாயம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2013ல் அங்கீகாரம் கொடுத்தது. இன்று குட்டநாட்டு விளம்பரங்களில் இந்தப் பெருமை தவறாமல் இடம் பெறுகிறது.

ஆனால் தண்ணீருக்குள் வயல் தானாக முளைத்ததா? காயலில் தென்னங்கழிகளை ஊன்றி, மூங்கில் தட்டி கட்டி, மூழ்கி மூழ்கி அடிச்சேற்றை அள்ளி வந்து வரம்பு எழுப்பியவர்கள் உழைப்பாளிகள். புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். வரம்புக்குள் நின்ற தண்ணீரை இறைக்க ராப்பகலாகச் சக்கரம் மிதித்தவர்களும் அவர்களே. 1940களில் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று ராஜ குடும்பத்தின் பெயர்களைத் தாங்கிய பெரிய காயல் நிலங்கள் உருவாயின. அவற்றை உண்டாக்கிய முதலாளிக்கு 'காயல் ராஜா' என்று பட்டம் கிடைத்தது. சேறு அள்ளியவனுக்கு என்ன கிடைத்தது? அரை வயிற்றுக் கூலியும், எப்போது வேண்டுமானாலும் பிடுங்கி எறியப்படக்கூடிய ஒரு குடிசையும்.

உரிமை முதலில் வந்தது

குட்டநாட்டுத் தொழிலாளி அந்த நிலையிலேயே படுத்துக் கிடக்கவில்லை. சங்கம் கட்டினான். வேலை நேரத்துக்கும் கூலிக்கும் போராடினான். குடியிருப்போரை வெளியேற்றுவதற்கு 1957ல் தடை வந்தது. 1969ல் நிறைவேறிய நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் மனையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை அதில் கிடைத்தது. சட்டம் தாளில் கிடந்தால் வயிறு நிறையுமா? ஜனங்கள் தாங்களே வேலி கட்டி அந்தப் பத்து சென்ட்டை வளைத்துக்கொண்டார்கள். அடியும் வாங்கினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். பிறகு 1974ல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது.

பத்து சென்ட் என்ன பெரிய சொத்தா என்று சிலர் கேட்கலாம். அதில் நாலு தென்னை நிற்கும். ஒரு கோழிக் கூடு இருக்கும். அதைவிட முக்கியம், "என் மனையை விட்டுப் போடா" என்று அன்றைக்குப் பிறகு அவனைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கூலி கேட்கும்போது அவன் குரல் நடுங்காது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2022-23ல் கேரளத்தில் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி சுமார் 764 ரூபாய். அகில இந்திய சராசரி சுமார் 346 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல்! இது யாரும் தானமாகக் கொடுத்த கூலியல்ல.

குமரகம் சொல்லும் பாடம்

விருந்தாளிகள் திரளாக வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். குட்டநாட்டில் நெல் மூட்டை ஏற்றிக் கொச்சிக்குப் போன பெரிய படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிய வள்ளம். லாரியும் ரோடும் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. 1990களில் அதற்குக் கட்டிலும் மெத்தையும் போட்டு வீட்டுப் படகாக்கினார்கள். காயலோரத்துக் குமரகம் கிராமத்தில் சொகுசு ஓட்டல்கள் எழுந்தன. 2000 டிசம்பர் கடைசியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அங்கே வந்து தங்கியதும் குமரகத்தின் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபட்டது.

கிராமத்துக்கு அதனால் என்ன லாபம்? ஓட்டலுக்குக் காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. நல்ல உத்தியோகத்துக்கு ஆளும் வெளியூரிலிருந்து வந்தார்கள். கரையை வேலி போட்டு அடைத்தார்கள், எங்கள் வயலும் காயலும் எங்களுக்கே அந்நியமாகின்றன என்று ஊர் ஜனங்கள் முறையிட்டார்கள். "முதலில் வியாபாரம் வரட்டும், பலன் தானாகக் கீழே இறங்கும்" என்று உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலன் தானாக இறங்கவில்லை. அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தைக் கேரள சர்க்கார் 2007-08ல் கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம் ஆகிய நாலு இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. குமரகத்தில் பஞ்சாயத்து முன்னே நின்றது. 1998 முதல் கேரளமெங்கும் வேரூன்றிய குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் இந்த வேலையில் இறங்கின. தரிசாய்க் கிடந்த துண்டு நிலங்களில் காய்கறி போட்டார்கள். காய்கறி, முட்டை, மீன், தேங்காய் முதலியவற்றை ஓட்டல்கள் ஊரிலேயே வாங்க வேண்டும் என்று பேசி முடிவு செய்தார்கள். விலையை ஓட்டல்காரன் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. அதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கயிறு திரிப்பது, ஓலை முடைவது, வலை வீசுவது ஆகியவற்றைப் பார்க்க வருகிறவர்கள் அதற்குக் காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசு கயிறு திரிப்பவள் கைக்குப் போகிறது. இந்த முயற்சிக்கு ஐக்கிய நாடுகளின் சுற்றுலா ஸ்தாபனம் பரிசு கொடுத்தது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஓட்டலும் அதுதான், காயலும் அதுதான், வருகிற விருந்தாளியும் அவனேதான். ஊர் ஜனங்கள் ஒன்றுகூடி, பஞ்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். சொந்த மனையில் காலூன்றி நிற்கிறவனால்தான் அப்படிப் பேரம் பேச முடியும்.

குறைகளை மறைக்க வேண்டாம்

குட்டநாடு சொர்க்கமாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுப் படகுகள் நூற்றுக்கணக்கில் பெருகி, அவற்றின் எண்ணெயும் கழிவும் காயலில் கலக்கின்றன. அந்தத் தண்ணீரில்தான் மீனவன் வலை வீச வேண்டும். 1970களில் கேரளத்தில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடி இன்று சுமார் இரண்டு லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. வயலை மண் போட்டு மூடி மனையாக்கி விற்கும் வியாபாரத்தைத் தடுக்க 2008ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. சித்திரா, ராணி காயல் நிலங்கள் 1970களில் தொழிலாளர்களுக்குப் பங்கிடப்பட்டன. ஆனால் தண்ணீர் இறைக்கவும் வரம்பைப் பழுது பார்க்கவும் சின்னத் துண்டு வைத்திருப்பவனால் தனியே முடியவில்லை. பல வருஷம் அந்த நிலங்கள் தரிசாய்க் கிடந்தன. சர்க்கார் உதவியோடு எல்லோரும் சேர்ந்து சாகுபடியை மறுபடி தொடங்கிய பிறகே அங்கே கதிர் ஆடியது.

இதுவும் ஒரு பாடம்தான். நிலம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. கூட்டாக நின்று அதைக் காக்க வேண்டும். வயல் போய்விட்டால் விருந்தாளி எதைப் பார்க்க வருவான்?

நம் காவிரிப் படுகையில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களுக்கும் விளம்பரம் உண்டு. கோயில், கடற்கரை, நெற்களஞ்சியம் எல்லாம் அதில் வரும். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவன் வருவதில்லை. பண்ணையாள் முறையில் அவன் பட்ட பாட்டுக்கு 1952ல் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற குற்றத்துக்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அடுத்த வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971ல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 25லும் ஆயிரக்கணக்கானோர் வெண்மணிக்கு வருகிறார்கள். எந்த விளம்பரமும் அவர்களை அழைத்ததில்லை.

2020ல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் செய்தார்கள். எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்களும், தோல் பதனிடும் ஆலை, செம்பு, துத்தநாக உருக்காலை போன்றவையும் அங்கே வரக்கூடாது என்கிறது அது. நல்லது, வரவேற்க வேண்டியது. ஆனால் எது வரக்கூடாது என்று சொன்னால் மட்டும் கூலிக்காரன் அடுப்பு எரியுமா? நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வேலை நாள் குறைந்துவிட்ட குடும்பம் என்ன செய்கிறது? பெண்ணைத் தூரத்து நூற்பாலைக்கு அனுப்புகிறது. 'மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்' என்று ஆசை காட்டி ஆள் பிடிக்கும் தரகர்கள் ஊர் ஊராக வந்த கதை நமக்குத் தெரியும். ஆலைத் தோழர்களே, உங்கள் பக்கத்து மிஷினில் குறைந்த கூலிக்கு நிற்கிற அந்தச் சின்னப் பெண் ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள். கிராமத்தில் கூலி சரிந்தால் ஆலையிலும் கூலி சரியும். இது உங்கள் பிரச்சினையும்தான்.

குடியேற வருகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு. பணப் பையோடு வந்து ஏக்கர் கணக்கில் வளைத்து, பண்ணை வீடு கட்டி, சுற்றிலும் மின்சார வேலி போடுகிறவன் ஒருவன். அவனுக்கு மாலை போட்டு வரவேற்கிறார்கள். வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடவுக்கு வருகிறவன் இன்னொருவன். அவனுக்கு மாட்டுக் கொட்டகைதான். இரண்டாமவனே நம் ஆள். அவனை விரோதி என்று நினைத்தால் லாபம் யாருக்கு? அவனுக்கும் நமக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேட்பதே சரியான வழி.

என்ன கேட்பது?

அடுத்த முறை உங்கள் ஊரில் சுற்றுலாத் திட்டம், தொழில் பேட்டை, பண்ணை வீட்டு மனை என்று யாராவது பலகை நட வந்தால், கிராம சபையில் எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, ஊரில் மனைப் பட்டா இல்லாத குடும்பம் எத்தனை? அவர்களுக்குப் பட்டா கொடுத்துவிட்டா பலகை நடுகிறீர்கள்?

இரண்டாவது, நஞ்சை நிலத்தில் ஒரு குழியாவது மண் போட்டு மூடப்படுமா? வாய்க்காலும் குளமும் களமும் பொதுவில் இருக்குமா, வேலிக்குள் போகுமா?

மூன்றாவது, வேலை யாருக்கு? நாட்கூலி எவ்வளவு? சங்கம் வைக்க உரிமை உண்டா?

நான்காவது, அரிசி, காய், பால், மீன் எல்லாம் யாரிடம் வாங்குவீர்கள்? விலை பேச எங்கள் பெண்கள் குழு உட்காருமா?

இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வந்தால் பலகையை நாமே சேர்ந்து நடுவோம். வருகிற விருந்தாளிக்கு நம் வயலையும் காட்டுவோம், அது உண்டான கதையையும் சொல்வோம். பதில் வரவில்லையானால் அந்தப் பலகைக்கு நம் ஊரில் இடமில்லை. ஊருக்குள் யாரை எப்படி வரவேற்பது என்று தீர்மானிக்கும் உரிமை அங்கே உழைக்கிறவனுக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்கக் கிராம சபைக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள்!