தம்பி அனுப்பிய ஸ்மார்ட் ஸ்பீக்கர்... இணைப்பது எப்படி, கேட்பது யார்?

ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் வட்டாரம் நைட்டி தயாரிப்புக்குப் பெயர்போனது. இவரும் வீட்டின் பின்கட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறவர்தான். அவருடைய கேள்வி இது:

“பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, அம்மா பாட்டுக் கேட்பதற்காக எக்கோ டாட் ஸ்பீக்கர் வாங்கி அனுப்பியிருக்கிறான். வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது. பெட்டி முன் ஹாலில். ஸ்பீக்கரைப் பின்கட்டில் வைத்து இணைக்கப் பார்த்தால், ஆரஞ்சு விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. தம்பியிடம் கேட்டால், ‘நெட்டை மட்டும் இணைச்சிடுக்கா. மத்ததெல்லாம் நான் இங்கிருந்தே பார்த்துக்குவேன். எப்ப வேணும்னாலும் அம்மாகிட்ட பேசிக்குவேன்’ என்கிறான். அப்படியென்றால், நாங்கள் வீட்டில் பேசுவதும் அவனுக்குக் கேட்குமா?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வியைப் பலரும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால், முக்கியமானது அதுதான். இரண்டுக்கும் வரிசையாகப் பதில் பார்ப்போம்.

மூளை வெளியூரில்!

அமேசான் எக்கோ, அமெரிக்காவில் 2014-ல் அறிமுகமானது. இந்தியாவுக்கு 2017-ல் வந்தது. கூகுள் ஹோம் 2018-ல் வந்தது. எந்த நிறுவனத்துடையது என்றாலும் அடிப்படை ஒன்றுதான். நம் வீட்டில் இருக்கும் பெட்டியில் காதும் வாயும்தான் உண்டு. மூளை, எங்கோ இருக்கும் அந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. ‘அலெக்சா’ என்று கூப்பிட்டதும், அதன் பிறகு நாம் சொல்வது இன்டர்நெட் வழியாக அங்கே போய், பதில் திரும்பி வருகிறது. அதனால்தான் வைஃபை இல்லாவிட்டால் அலெக்சாவால் நமக்குப் பதில் சொல்ல முடிவதில்லை.

இந்த ஸ்பீக்கரில் திரையும் இல்லை, எழுத்துப் பலகையும் இல்லை. வைஃபை பாஸ்வேர்டை அதற்கு யார் சொல்வது? நம் போன்தான் சொல்ல வேண்டும். ஆரஞ்சு விளக்கு சுற்றினால் ஸ்பீக்கர் பழுது என்று பயப்பட வேண்டாம். ‘பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

இணைப்பது எப்படி?

1. ஸ்பீக்கரை முதலில் முன் ஹாலில், நெட் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். இணைத்து முடித்த பிறகு வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

2. அதனுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் போன் சார்ஜர் சரிவராது.

3. போனில் அலெக்சா ஆப்பை இறக்குங்கள். போனில் ப்ளூடூத், லொகேஷன் இரண்டும் ஆனில் இருக்கட்டும். ஆப் கேட்கும் அனுமதிகளை இந்த நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

4. ஆப்பில் ‘டிவைசஸ்’ பகுதிக்குப் போய், கூட்டல் குறியைத் தொட்டு, எக்கோவைத் தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சு விளக்கு அணைந்துபோயிருந்தால், ஸ்பீக்கரின் மேலே இருக்கும் புள்ளி போட்ட பட்டனை, விளக்கு மறுபடி ஆரஞ்சாகும் வரை அழுத்திப் பிடியுங்கள்.

5. வைஃபை பெயர்களின் பட்டியல் வரும். உங்கள் வீட்டுப் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டைக் கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஏற்காது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை என்றால், பெரும்பாலும் நெட் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

இங்கேதான் ஒரு குழப்பம் வரும். பல ஃபைபர் பெட்டிகள் இரண்டு பெயர்களைக் காட்டும். ஒன்றின் வாலில் ‘5ஜி’ என்று இருக்கும். அதற்கும் சிம் கார்டில் வரும் 5ஜி-க்கும் சம்பந்தமே இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வால் இல்லாதது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஐந்து வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகிவிடும். 2.4 வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம். முன் ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று சுவர் இருக்கும் நம் ஊர் வீடுகளுக்கு 2.4-தான் தோது. பாட்டுக் கேட்க அந்த வேகம் தாராளம். நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் பாடினாலும் சுமார் 70 எம்பி டேட்டாதான் செலவாகும்.

ஃபைபர் நெட் இல்லாதவர்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கலாம். ஹாட்ஸ்பாட் கொடுக்க ஒரு போன், ஆப்பை இயக்க இன்னொரு போன் என்று இரண்டாக வைத்துக்கொண்டால் சிக்கல் இருக்காது. ஆனால் ஹாட்ஸ்பாட் போனைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் கிளம்பினால், வீட்டில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். வயதானவர்களுக்கான ஸ்பீக்கர் என்றால் இந்த ஏற்பாடு வேண்டாம்.

மிஷின் சத்தத்தில் காது கேட்காது

இணைத்த பிறகு எங்கே வைப்பது? தையல் மிஷின், மிக்ஸி, டிவி பக்கத்தில் வேண்டாம். அந்தச் சத்தத்தில் நாம் கூப்பிடுவது அதற்குக் கேட்காது. கத்திக் கத்திக் கூப்பிட்டு அம்மா சலித்துவிடுவார். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து சில அடி தூரத்தில், சுவரை ஒட்டாமல், இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

வீட்டில் அலெக்ஸ், அலெக்சாண்டர் என்று யாராவது இருந்தால், ஆப்பில் கூப்பிடும் பெயரை ‘எக்கோ’ அல்லது ‘கம்ப்யூட்டர்’ என்று மாற்றிவிடுங்கள்.

பெட்டி யார் பெயரில் இருக்கிறது?

இனி இரண்டாவது கேள்வி. ஆன்லைனில் எக்கோ வாங்கும்போது, வாங்குபவரின் கணக்கிலேயே அதைப் பதிவு செய்து அனுப்பும் வசதி உண்டு. பரிசுப் பொருள் என்று குறிப்பிட்டால் அப்படிப் பதிவாகாது. தம்பி “மத்ததெல்லாம் நான் பார்த்துக்குவேன்” என்பதால், ஸ்பீக்கர் அவர் கணக்கில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதில் என்ன வந்தது? வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது போலத்தான் இதுவும். கணக்கு யாருடையதோ, அவர் போனில் இருக்கும் ஆப்பில்தான் எல்லா சாவியும் இருக்கும். ஸ்பீக்கரிடம் அம்மா என்ன கேட்டார், எப்போது கேட்டார் என்ற பட்டியல் அங்கே தெரியும். அவர் குரல் பதிவையும் போட்டுக் கேட்கலாம்.

அதாவது, ஸ்பீக்கரைக் கூப்பிட்டுச் சொன்னது பதிவாகும். டிவியில் வரும் ஒரு வார்த்தையைத் தன் பெயர் என்று தவறாக நினைத்து அது விழித்துக்கொண்டால், அப்போது பேசியதும் பதிவாகும். நாள் முழுக்க வீட்டில் பேசுவதெல்லாம் அந்தப் பட்டியலில் சேராது.

ஆனால் ‘டிராப் இன்’ என்று ஒரு வசதி இருக்கிறது. தம்பி ‘எப்ப வேணும்னாலும் பேசிக்குவேன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சாதாரண அழைப்பு என்றால் மணி அடிக்கும், நாம் எடுத்தால்தான் பேச முடியும். டிராப் இன் அப்படி அல்ல. ஒரு சின்ன ஒலி வரும், பச்சை விளக்கு எரியும், எதிர்முனை தானாகவே திறந்துகொள்ளும். யாரும் எடுக்க வேண்டியதில்லை. அந்த அறையில் பேசுவது அவருக்கு நேரடியாகக் கேட்கும். கதவைத் தட்டாமல் உள்ளே வருவதற்குச் சமம்.

ஆகவே, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: ஆமாம், டிராப் இன் ஆனில் இருந்து, அவர் அதைப் பயன்படுத்தினால், கேட்கும். மிஷின் ஓடும் நேரத்தில் அந்தச் சின்ன ஒலி உங்கள் காதில் விழாமலும் போகலாம்.

தம்பி மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, அம்மா போனை எடுக்கவில்லை என்றால் வயிற்றைக் கலக்கும். விழுந்து கிடந்து எழ முடியாமல் இருக்கிறாரோ என்று தோன்றும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு டிராப் இன் நிஜமாகவே உதவும். ஆனால், அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் அதே வீட்டில் வேலை செய்கிறீர்கள். தைக்க வருகிற பெண்கள் வீட்டுக் கதை பேசுவார்கள், கூலிக் கணக்கு பேசுவார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

இன்றே செய்ய வேண்டியவை

தம்பிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தன் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். ஆப்பில் அந்த ஸ்பீக்கரின் செட்டிங்ஸுக்குள், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்ற வரி இருக்கும். அங்கேயே நீக்கும் வழியும் இருக்கும். பிறகு அம்மா பெயரிலோ உங்கள் பெயரிலோ புதிதாகக் கணக்கு தொடங்கிப் பதிவு செய்யுங்கள். தம்பியைத் தொடர்பு எண்ணாகச் சேர்த்துக்கொண்டால், அவர் சாதாரண அழைப்பில் அம்மாவிடம் பேசலாம்.

செட்டிங்ஸில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதியில் டிராப் இன்னை ஆஃப் செய்யுங்கள். அம்மாவே ‘இருக்கட்டும், அவன் வந்து பேசட்டும்’ என்றால் ஆனில் வைக்கலாம். முடிவு அவருடையது.

‘அலெக்சா பிரைவசி’ பகுதியில் குரல் பதிவுகளைச் சேமிக்க வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். அலெக்சா பதிவுகளில் சிலவற்றை ஊழியர்கள் கேட்டு ஆராய்கிறார்கள் என்று 2019-ல் செய்தி வெளியான பிறகு, அதற்கு மறுப்பு சொல்லும் வசதி வந்தது. அதையும் அங்கேயே பாருங்கள். குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023-ல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வீட்டில் பேரன், பேத்திகள் இருந்தால் இந்த செட்டிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். குரலால் பொருள் வாங்கும் வசதியையும் அப்படியே ஆஃப் செய்துவிடுங்கள்.

ஸ்பீக்கரின் மேலே மைக்கை அணைக்கும் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அப்போது அது எதையும் கேட்காது. தைக்க ஆட்கள் வந்திருக்கும் நேரத்தில் அழுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தினால் போதும். நீலம் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறது, பச்சை என்றால் லைனில் ஆள் இருக்கிறார், சிவப்பு என்றால் காது அடைத்திருக்கிறது. இந்த மூன்றையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராதே?

அலெக்சா இந்தியாவில் ஆங்கிலத்தோடு தொடங்கி, 2019-ல் இந்தி கற்றது. தமிழ்ப் பாட்டு போடும். உரையாடலுக்கு ஆங்கிலமோ இந்தியோதான். ‘ப்ளே இளையராஜா சாங்ஸ்’ என்பது போல நாலைந்து வாக்கியங்களைப் பழக்கிவிட்டால் போதும்.

பேசவே வேண்டாத வழியும் உண்டு. ஆப்பில் ‘ரொட்டீன்ஸ்’ பகுதியில் நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் தானாகப் பாடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மார்கழி விடியலில் என்ன வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. காலை 5 மணிக்குத் திருப்பாவை ஒலிக்கும்படி ஒருமுறை அமைத்துவிடுங்கள். இரவு மாத்திரை நேரத்துக்கும் இதேபோல ஒரு பாட்டை வைக்கலாம்.

கரன்ட் போனால்?

மறுபடி இணைக்க வேண்டாம். கரன்ட் வந்ததும் நெட் பெட்டி விழித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், பிறகு ஸ்பீக்கர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நெட் கம்பெனியை மாற்றினாலும், புதுப் பெட்டிக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவசரத்துக்கு 108-ஐயோ 112-ஐயோ கூப்பிட இந்த ஸ்பீக்கரை நம்பக் கூடாது. அதற்கு அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில், சார்ஜ் உள்ள பட்டன் போன் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு எண் அதில் முதலாவதாகப் பதிந்திருக்கட்டும்.

*(உங்கள் வீட்டு டெக் சந்தேகங்களைக் கமென்ட்டில் கேளுங்கள். அடுத்த வாரம்: பழைய டிவியை ஸ்மார்ட் டிவி ஆக்குவது எப்படி?)*